பொய் சொன்னா மாட்டிக்கற கருவியா பாத்து வாங்குங்க

பொட்டி தட்டற பொழப்புக்கு வந்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. ஆனா படிச்சது என்னமோ மெக்கானிக்கல்தான். கூடப் படிச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் என்னை மாதிரியே ஏசி ரூமுக்குள்ள ஒதுங்கிட்டாங்க. ஒருத்தன் மட்டும் பேங்க் லோன் போட்டு, கோயமுத்தூர் கணபதியில ஒரு பழைய லேத், ஒரு பழைய மில்லிங் மெஷினோட சொந்தமா ஷாப் போடறான். மெஷினுக்குப் போக கையில மிச்சம் கொஞ்சம்தான். அதுல அளக்கற சாமான் என்னென்ன வாங்கலாம்னு ஊரெல்லாம் கேட்டுட்டு இருக்கான். ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுக்கறாங்க. எல்லா லிஸ்ட்லயும் ரெண்டே விஷயம்தான்: பிராண்டு பேரு, அப்புறம் புள்ளிக்குப் பின்னாடி எத்தனை டிஜிட் காட்டும்கறது.

இந்த ரெண்டை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுங்கறது என் கட்சி. கருவி பொய் சொன்னா, அதை நம்ம கையால, நம்ம ஷாப்புக்குள்ளயே, அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னா அது நம்பகமான கருவி. முடியாதுன்னா அது எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் ரெண்டாம்பட்சம்தான்.

தராசுக்கு அடியில புளி

இது ஒண்ணும் புது ஞானம் இல்லீங்க. தட்டுத் தராசு காலத்துல சந்தைக்குப் போய் வந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும். கடைக்காரர் தட்டுக்கு அடியில கொஞ்சம் புளியை ஒட்டி வச்சிருப்பாரு. பாட்டி தட்டைத் தூக்கிப் பாக்கவே வேண்டாம். "படிக்கல்லை அந்தப் பக்கம் வச்சு, கத்திரிக்காயை இந்தப் பக்கம் போடு"ன்னு சொன்னா முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஒரே எடை வந்தா நல்ல தராசு. வரலைன்னா குட்டு வெளிப்பட்டுரும். எடைச் சோதனைக் கூடமும் வேண்டாம், சர்டிபிகேட்டும் வேண்டாம்.

ஷாப்புல இருக்கற பாதிக் கருவியை இதே மாதிரி திருப்பிப் போட்டே சோதிக்கலாம். மூலைமட்டம் சரியா 90 டிகிரி காட்டுதான்னு சந்தேகமா? நேரான ஓரம் உள்ள ஒரு தகட்டுல அதை வச்சு ஒரு கோடு கிழிங்க. மூலைமட்டத்தை மல்லாத்திப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழிங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா தப்பில்லை. கோடு ரெண்டும் விரிஞ்சுதுன்னா, அந்த விரிசல்ல பாதிதான் மூலைமட்டத்தோட தப்பு.

மெஷினை மட்டம் பண்ற லெவலும் இப்படித்தான். ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு காட்டற லெவலா இருந்தாலும், படுக்கையில வச்சுப் பாத்துட்டு, 180 டிகிரி திருப்பி அதே இடத்துல வைங்க. குமிழி ரெண்டு தடவையும் மெஷினோட அதே பக்கம், அதே அளவு ஒதுங்குச்சுன்னா சாய்வு மெஷின்ல இருக்கு. லெவலோட சேர்ந்து குமிழியும் பக்கம் மாறினா சாய்வு லெவல்ல இருக்கு.

மில்லிங்ல எட்ஜ் ஃபைண்டர் வச்சு ஜாப்போட நடுமையம் கண்டுபிடிக்கறப்ப ரெண்டு பக்கமும் தொட்டுப் பாதியாக்கறோம்ல, அதுவும் இதே வித்தைதான். முனையோட விட்டம் 10 மி.மீ.க்கு 9.98 இருந்தாலும் ரெண்டு பக்கத்துத் தப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மையம் சரியா வந்துரும். ஒரே பக்கம் தொட்டு, பாதி விட்டத்தைக் கழிச்சுக்கற ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

செட்டப்புல அளவு முக்கியமில்லை, சைபர்தான் முக்கியம்

வெட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடக்கற வேலைதான் செட்டப். வைஸ் நேரா இருக்கா, மில்லிங் தலை டேபிளுக்குச் செங்குத்தா இருக்கா, சக்குல மாட்டின ஜாப் ஆடாம சுத்துதா, லேத்தோட டெயில்ஸ்டாக் நேர்கோட்டுல இருக்கா. இந்த நாலுலயும் "எத்தனை மி.மீ."ங்கற கேள்வியே இல்லை, கவனிச்சீங்களா? இங்க காட்டினதையே அங்கயும் காட்டுதாங்கறது மட்டும்தான் கேள்வி.

அதனாலதான் செட்டப்புக்கு ராஜா லீவர் டயல். நம்ம ஷாப்புகள்ல பப்பி டயல்னு செல்லமா சொல்லுவாங்க. இதுல ஒரு பிரபலமான குறை உண்டு. தொடற முனை சாய்வா இருந்தா அளவைக் கூட்டிக் காட்டும். 30 டிகிரி சாய்ஞ்சிருந்தா, டயல் 0.10 காட்டறப்ப உண்மையில நகர்ந்தது 0.087 மி.மீ.தான். 60 டிகிரின்னா நேர்பாதி, அதாவது 0.05. பெரிய தப்புதான். ஆனா வைஸோட தாடையில இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓட்டி, முள்ளு அசையாம நின்னா? சைபரை எதால பெருக்கினாலும் சைபர்தானே. வைஸ் நேரா இருக்கு. கருவி அளவுல தப்பு பண்ணியும் தீர்ப்புல தப்பு வரலை.

ஆனா ஒண்ணே ஒண்ணு அதுக்கிட்ட இருந்தாகணும். போன இடத்துலயிருந்து திரும்பி வந்தா பழைய எண்ணையே காட்டணும். கடையில வாங்கறப்பவே பாத்துரலாம். ஸ்டாண்டுல மாட்டி ஒரு தட்டையான பரப்பைத் தொட வச்சு, சைபர் பண்ணி, முனையைத் தூக்கித் தூக்கிப் பத்து தடவை விடுங்க. பத்துத் தடவையும் சைபருக்கு வரணும். அப்புறம் ஸ்டாண்டோட கையை விரலால லேசா அழுத்தி விடுங்க. முள்ளு பழைய இடத்துக்கு வரலைன்னா டயலைத் திட்டாதீங்க, ஸ்டாண்டு சரியில்லை. நல்ல டயலை வாங்கிட்டு அதை லொடலொட மேக்னடிக் ஸ்டாண்டுல மாட்டறது, பட்டுப் புடவை கட்டிட்டு சேத்துல உக்கார்ற கதை.

சக்குல சுத்தற ஜாப்புக்கு ஒரு கணக்கு ஞாபகம் இருக்கட்டும். டயல் மொத்தமா 0.10 ஆடுச்சுன்னா மையம் விலகினது 0.05தான். அது ரெட்டிப்பாக் காட்டறது நமக்கு லாபம். சின்னத் தப்பும் கண்ணுக்குத் தெரியும்.

புள்ளிக்குப் பின்னாடி நிக்கற டிஜிட்டுங்க

நான் தினமும் மேய்க்கற சர்வர் லாக்ல நேரம் மைக்ரோ செகண்ட் வரைக்கும் வரும். புள்ளிக்கு அப்புறம் ஆறு டிஜிட். அந்த சர்வரோட கடிகாரமே மூணு நிமிஷம் பின்தங்கி இருந்தாலும் அந்த ஆறு டிஜிட்டும் கம்பீரமா நின்னுட்டுத்தான் இருக்கும். எத்தனை நுணுக்கமாக் காட்டுதுங்கறதுக்கும் எத்தனை உண்மையாக் காட்டுதுங்கறதுக்கும் சம்பந்தமே இல்லை.

டிஜிட்டல் வெர்னியரும் அப்படித்தான். நல்ல கம்பெனியோட 150 மி.மீ. வெர்னியர் கேட்லாக்கையே பிரிச்சுப் பாருங்க. காட்டறது 0.01 மி.மீ., ஒத்துக்கற தப்பு பொதுவா ±0.02 மி.மீ. அவங்க நேர்மையா அச்சடிச்சிருக்காங்க, நாமதான் படிக்கறதில்லை. வெர்னியரோட அமைப்பே அப்படி. அளவுகோல் ஒரு இடத்துல, ஜாப்பைப் பிடிக்கற தாடை தள்ளி இன்னொரு இடத்துல. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சா தாடை சாயும், அளவு மாறும். அளவுகோலும் அளக்கற பொருளும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும்னு ஜெர்மனியில எர்ன்ஸ்ட் அப்பே 1890லயே சொல்லிட்டாரு. மைக்ரோமீட்டர் அந்த விதிக்குள்ள அடங்குது. வெர்னியர் அடங்கலை.

இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேப்பீங்க. கோயமுத்தூர்னா பம்பும் மோட்டாரும். அங்க சாதாரணமாப் புழங்கற 6205 பேரிங்கை எடுத்துக்கங்க. உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52. அந்த ஷாஃப்டுக்கு டிராயிங்ல கே6 பொருத்தம் போட்டிருந்தா, 25.002லயிருந்து 25.015 வரைக்கும்தான் இருக்கலாம். மொத்த இடைவெளி 13 மைக்ரான். வெர்னியரோட தப்பு மட்டுமே மேல 20, கீழ 20, ஆக 40 மைக்ரான் அகலம். யானையைக் கட்டற சங்கிலியால மூக்குத்தி திருகாணியைத் திருப்பற மாதிரி. 0.01 மைக்ரோமீட்டர்கூட இங்க தள்ளாடும், ஏன்னா இடைவெளியே அதோட ஒண்ணேகால் கோடுதான். 0.001 படிக்கற மைக்ரோமீட்டரோ, ஸ்லிப் கேஜோட ஒப்பிட்டுப் பாக்கற மைக்ரான் டயலோ வேணும்.

பழி யாரு மேல விழுது?

2018ல காலேஜ்லயிருந்து ட்ரெய்னிங்குக்குப் போன ஒரு ஷாப்புல கண்ணால பாத்தது இது. பேரு எதுக்கு, விடுங்க. லேத்துல இருபது வருஷம் நின்ன ஒரு அண்ணன். ஒரு ஷிஃப்ட்ல அவரு முடிச்ச ஷாஃப்டெல்லாம் அசெம்பிளியில பேரிங்கைப் போட்டா கையாலேயே வழுக்கிட்டு உள்ள போகுது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்தினாரு. அந்த வாரச் சம்பளத்துல பிடிச்சாங்க. அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. "நான் அளந்துதானுங்க எடுத்தேன்"னு மட்டும் சொன்னாரு.

நாலு நாள் கழிச்சு அதே மைக்ரோமீட்டரை வேற யாரோ மூடிப் பாத்தப்ப, சைபர் காட்ட வேண்டியது 0.02 காட்டுச்சு. எப்பவோ யாரு கையிலிருந்தோ கீழ விழுந்திருக்கு. உள்ளதைவிட 0.02 கூடுதலாக் காட்டினதால, அவரு சரியா எடுத்த ஒவ்வொரு ஷாஃப்டும் நிஜத்துல 0.02 குறைஞ்சு போச்சு. டிராயர்ல அந்த மைக்ரோமீட்டருக்கு சர்டிபிகேட் இருந்தது. தேதிகூட முடியலை. பிடிச்ச சம்பளம் திரும்பி வந்த மாதிரி எனக்குத் தெரியலை.

எனக்கு அளக்கற கருவி மேல கவனம் வந்தது அந்த அண்ணனாலதான். சாஃப்ட்வேர்ல ஒரு டெஸ்ட் தோத்தா, கோட்ல தப்பா, இல்லை டெஸ்ட்டே தப்பான்னு ரெண்டையும் பாப்போம். ஷாப்புல ஜாப் கெட்டா நேரா ஆள் மேல பாயறோம். கருவிக்கு மட்டும் சந்தேகத்தோட பலன் உண்டு, மனுஷனுக்குக் கிடையாது. இது அளவுப் பிரச்சினை மட்டும் இல்லை, நியாயப் பிரச்சினையும்தான்.

சர்டிபிகேட் வேண்டாம்னு சொல்லலை. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்ல கொடுத்து வாங்கற காகிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனா அது லேப்ல இருந்த அன்னிக்குக் கருவி எப்படி இருந்ததுன்னுதான் சொல்லும். மறுநாள் அது பெஞ்சுலயிருந்து விழுந்தது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. அதுக்கு நம்ம கிட்ட ஒரு சாட்சி வேணும்.

அந்தச் சாட்சிதான் ஸ்லிப் கேஜ்

ஸ்வீடன்ல துப்பாக்கித் தொழிற்சாலையில வேலை பாத்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன்ங்கற மனுஷன் 1896ல இதை யோசிச்சாரு. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனி கேஜ் செய்யறதுக்குப் பதிலா, 102 இரும்புக் கட்டைகளை ஒட்டி ஒட்டி அடுக்கி வேணுங்கற அளவை உண்டாக்கறது. பரப்பு அவ்வளவு சமமா இருக்கறதால ரெண்டு கட்டையைத் தேய்ச்சு வச்சா அப்படியே கவ்விக்கும். வீட்டுல மனைவியோட தையல் மெஷினை மாத்தியமைச்சு அதுல கட்டைகளைத் தேய்ச்சாருன்னு சொல்லுவாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆயும் உலகம் பூரா ஷாப்புகள்ல அவரு வழிதான்.

சின்ன ஷாப்புக்கு முழு செட்டு வேண்டாங்க. தனித்தனிக் கட்டையா நாலஞ்சு போதும். மைக்ரோமீட்டரைச் சோதிக்க 5.1, 10.3, 15, 20.2, 25 மி.மீ. இதென்ன கோணல் அளவுன்னு தோணும். மைக்ரோமீட்டர் திருகு ஒரு சுத்துக்கு அரை மி.மீ. நகரும். 5, 10, 15, 20ன்னு முழு எண்ணாவே சோதிச்சா ஒவ்வொரு தடவையும் திருகு ஒரே நிலையில வந்து நிக்கும். சுத்துல வேற இடத்துல தேய்மானம் இருந்தா தெரியவே தெரியாது. 5.1, 10.3ன்னு போட்டா சுத்தோட வேற வேற இடம் மாட்டும். ஐஎஸ்ஓ 3611 சொல்ற வரிசையிலயும் இந்த அளவுங்க இருக்கு. சாஃப்ட்வேர் மக்களுக்குச் சொல்லணும்னா, ஒரே இன்புட்டை நாலு தடவை கொடுத்துட்டு நாலு டெஸ்ட் பாஸ்னு சொல்ற ஏமாத்து வேலை இங்க நடக்காது :-)

வெர்னியருக்கும் அதே 25 கட்டைதான். ஒரு தடவை தாடையோட அடியில வச்சு அளங்க, இன்னொரு தடவை நுனியில வச்சு அளங்க. ரெண்டும் வேறன்னா தாடை தேய்ஞ்சிருக்கு, இல்லை சாயுது.

ஸ்லிப் கேஜுக்கு இன்னொரு பெரிய நன்மை, நம்ம ஊர் வெயில். நீள அளவுக்கு உலகம் ஒத்துக்கிட்ட வெப்பநிலை 20 டிகிரி. ஏப்ரல் மத்தியானம் தகரக் கூரைக்கு அடியில 35 டிகிரின்னா அதிசயம் இல்லை. அந்த 15 டிகிரியில 100 மி.மீ. இரும்பு சுமார் 17 மைக்ரான் நீளும். ஆனா இரும்பு ஜாப்பையும் இரும்பு ஸ்லிப் கேஜையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட் மேல ஒரு மணி நேரம் சேத்து வச்சுட்டு ஒப்பிட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் நீண்டிருக்கும். தப்பு அடிபட்டுப் போச்சு. அலுமினிய ஜாப்புன்னா மட்டும் உஷார். அது கிட்டத்தட்ட இரும்பைப் போல ரெண்டு மடங்கு நீளும். அதே 100 மி.மீ.க்கு 18 மைக்ரான் வித்தியாசம் நிக்கும், கணக்குப் போட்டுக் கழிச்சுக்கணும்.

சண்டைக்கு வர்றவங்களுக்கு

"நல்ல பிராண்டு வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?" பாதி சரி. மிட்டுடொயோவோ டெஸாவோ பேக்கரோ, நல்ல கம்பெனிக்குக் கொடுக்கற காசு வீண் இல்லை. பத்து வருஷம் கழிச்சும் திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் காட்டும், உதிரி பாகம் கிடைக்கும். ஆனா பெரிய பேரு இருந்தா அந்தப் பேருல போலியும் இருக்கும். அசலே கீழ விழுந்தா அதுவும் பொய் சொல்லும். பிராண்டை நம்பறதும் சோதிக்கறதும் மாத்தி மாத்திப் பண்றதில்லை, ரெண்டும் சேத்துப் பண்றது.

"டிஜிட்டல்னா உனக்கு ஏன் இவ்வளவு காண்டு?" காண்டெல்லாம் இல்லை சாமி. டிஜிட்டல் மைக்ரோமீட்டர்ல ஒரு நிஜமான நன்மை உண்டு. அரை மி.மீ. கோட்டைக் கவனிக்காம 12.80ஐ 12.30ன்னு படிக்கற விபத்து அதுல நடக்காது. ராத்திரி ஷிஃப்ட்ல கண்ணு சொருகறப்ப அது பெரிய உதவி. வாங்குங்க, ஸ்லிப் கேஜோட சேத்து வாங்குங்க.

"இப்பதான் சிஎன்சி மெஷின்லயே ப்ரோப் இருக்கே?" இருக்கு. அருமையான சாமான். ஆனா அது மெஷினோட சொந்த அளவுகோலை வச்சுத்தான் அளக்குது. மெஷின் வெட்டறதுல பண்ற அதே தப்பை அளக்கறதுலயும் பண்ணி, ரெண்டும் சரியா இருக்குன்னு சொல்லும். புளி ஒட்டின தராசை அதே தராசுல நிறுத்துப் பாக்கற மாதிரி. மாஸ்டர் ரிங்கோ ஸ்லிப் கேஜோ, வெளியிலயிருந்து ஒரு சாட்சி அங்கயும் வேணும்.

அப்ப எதை முதல்ல வாங்கறது?

நண்பனுக்கு நான் சொன்ன வரிசை இது. காசு எங்க தீருதோ அங்க நிறுத்திக்கலாம்.

1. 0-25 மைக்ரோமீட்டர், மேல சொன்ன அஞ்சு ஸ்லிப் கட்டையோட. ரெண்டும் சேந்துதான் ஒரு கருவின்னு வச்சுக்கங்க.
2. நல்ல லீவர் டயல், அதைவிட நல்ல ஸ்டாண்டு.
3. சின்னதா ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்.
4. மூலைமட்டம். கடையிலேயே மல்லாத்திக் கோடு கிழிச்சுப் பாத்து வாங்கணும்.
5. 150 வெர்னியர். டிஜிட்டலோ சாதாவோ. கட்டிங்குக்கும் தோராயத்துக்கும் மட்டும்.
6. பேரிங் வேலை வந்தா 0.001 மைக்ரோமீட்டர் அல்லது மைக்ரான் டயல்.

லெவல் வாங்க வேண்டாம். மெஷினை உக்கார வைக்கறப்ப பக்கத்து ஷாப்புல இரவல் வாங்கிக்கலாம். இரவல் சாமான்தானேன்னு தயங்காதீங்க, 180 டிகிரி திருப்பிப் பாத்தா அதோட யோக்கியதை தெரிஞ்சுரும்.

வாங்கினதுக்கு அப்புறம் ஒரே ஒரு பழக்கம் போதும். காலையில மெஷின் போடறதுக்கு முன்னாடி மைக்ரோமீட்டர் முனைகளுக்கு நடுவுல ஒரு துண்டுக் காகிதத்தை வச்சு இழுத்துத் துடைச்சு, மூடி, சைபர் பாத்து, ஒரு ஸ்லிப் கட்டையை அளந்து, நோட்டுல தேதியோட எழுதிரணும். ரெண்டு நிமிஷ வேலை. அந்த நோட்டு ஆபீஸ் டிராயருக்குள்ள பூட்டி வைக்கறதுக்கு இல்லை, மெஷின் பக்கத்துல தொங்கணும். என்னைக்காவது ஜாப் கெட்டு, சூப்பர்வைசர் கத்திட்டு வந்தா, லேத்துல நிக்கற ஆளு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டணும்ல.

பி.கு: ஸ்லிப் கட்டையை வெறுங்கையால ரொம்ப நேரம் பிடிக்காதீங்க. கைச்சூட்டுல நீளும், வியர்வையில துரு பிடிக்கும். வேலை முடிஞ்சதும் துடைச்சு லேசா எண்ணெய் தடவி வைங்க. சாட்சியைப் பத்திரமாப் பாத்துக்கணும் இல்லையா.